படுக்கிற ரூம் எத்தனை?

யோகேஸ்வரி யார் வீட்டுக்குக் கணக்கெடுக்கப் போனாலும், "வீட்டில் எத்தனை பேர்?" என்று எடுத்த எடுப்பில் கேட்க மாட்டாள். கேட்டால் பொய்தான் வரும். ஜொகூர் பாரு பக்கம் மாசாயில் அவள் குடியிருக்கும் மலிவு விலை அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று வாடகை ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறது. அதனால் யார் கேட்டாலும் "நாலு பேருதாங்க" என்று சொல்லிச் சொல்லி ஜனங்களுக்கு வாய் பழகிவிட்டது. வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும். உள்ளே நாலே பேர்தான் இருப்பார்களாம்!

அவள் கேட்பது வேறு.

"காலையில பாத்ரூமுக்கு முதல்ல யாரு போறது?"

அவ்வளவுதான், மடை திறந்துவிடும். மூன்றாம் மாடி ராசம்மா அப்படித்தான் மாட்டிக்கொண்டாள். "முதல்ல சிங்கப்பூருக்கு வேலைக்குப் போற பெரியவன். நாலு மணிக்கே போயிடுவான். அப்புறம் அவன் பொண்டாட்டி. அப்புறம் சின்னவன், அவன் உள்ள போனா வெளிய வர மாட்டான், ஃபோனைத் தூக்கிட்டுப் போயிடுவான், எருமை! அதுக்குள்ள ஸ்கூல் பிள்ளைங்க ரெண்டும் வயித்தைப் பிடிச்சிட்டு நிக்கும். என் தம்பி வேலை முடிஞ்சு வந்து கதவைத் தட்டுவான்..." என்று அடுக்கிக்கொண்டே போனவள், யோகேஸ்வரியின் விரல் டேப்லட்டில் ஓடுவதைப் பார்த்ததும் கப்பென்று வாயை மூடிக்கொண்டாள்.

"அலமாக்! எல்லாத்தையும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன், அக்கா. இன்னும் நீங்க எப்ப குளிக்கிறீங்கன்னு சொல்லல."

"நான் எங்க குளிக்கிறது? பதினோரு மணிக்குத்தான் எனக்கு வழி கிடைக்குது" என்றாள் ராசம்மா எரிச்சலோடு. அதையும் யோகேஸ்வரி எழுதிக்கொண்டாள்.

யோகேஸ்வரி அப்படித்தான். பிடித்தால் உடும்புப் பிடி. லாயாங் லாயாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பள்ளி முடிந்த கையோடு பாசிர் கூடாங் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு வந்தவள். கம்பெனி ஹாஸ்டலில் அவளுக்குக் கிடைத்தது அரைக் கட்டில். பகலில் அவள் வேலைக்குப் போனால் இரவு ஷிஃப்ட் பெண் அதில் படுப்பாள். அவள் எழுந்து போனதும் இவள் படுப்பாள். அந்தப் பெண்ணின் முகத்தை வருஷக் கணக்கில் பார்த்ததில்லை, தலையணையில் அவள் எண்ணெய் வாடை மட்டும் தெரியும் என்று சொல்லிச் சிரிப்பாள். தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்த வீரமுத்துவைக் கட்டிக்கொண்டதும், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி இந்த மூன்று ரூம் வீட்டை வாடகைக்கு எடுத்ததும், மூன்று பிள்ளை பெற்று ஒன்றைப் பறிகொடுத்ததும், கம்பெனி ஒரு நாள் இழுத்து மூடிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போனதும் எல்லாம் அந்தப் பிடிவாதத்தோடுதான் நடந்தது. வேலை போனதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. தேங்காய்ப்பால் சோறு பொங்கி நாசி லெமாக் விற்றாள், பள்ளி கேண்டீனில் நின்றாள். வீடமைப்பு அலுவலகம் வீட்டு நெரிசல் கணக்கெடுக்க ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாய்ப் போய் நின்றாள்.

கணக்கின் விதி எளிமையானது. வீட்டில் படுக்கிற ரூம் எத்தனை, பெரியவர்கள் எத்தனை பேர். ஒரு ரூமுக்கு இரண்டு பேருக்கு மேல் போனால் அது நெரிசல் வீடு. சின்னக் குழந்தைகள் கணக்கில் வராது. ஒப்பந்தத்துக்கு மேல் ஆள் இருக்கிறார்கள் என்று யாரையும் வெளியேற்றுவதும் இல்லை. நெரிசல் வீடு என்று ஆகிவிட்டால், அந்த வீட்டில் கல்யாணமான பிள்ளைக்கு எதிர்ப்புறம் கட்டப்போகும் புதுக் கட்டடத்தில் தனி வீடு கேட்க உரிமை உண்டு. புது வீடு கைக்கு வர இரண்டு வருஷமாவது ஆகும். ஆனாலும் பட்டியலில் பெயர் ஏறினால்தானே வரும்?

யோகேஸ்வரிக்கு அந்தப் பட்டியல் உயிர்நாடி. காரணம், அவள் மருமகள் பிரேமலா.

யோகேஸ்வரியின் வீட்டில் பெரியவர்கள் ஆறு பேர். ஒரு ரூமில் வீரமுத்துவின் அக்கா அங்கம்மா. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இரும்புக் கட்டிலும் கக்கூஸ் நாற்காலியும் போக மிஞ்சிய தரையில் யோகேஸ்வரி படுத்து அவரைப் பார்த்துக்கொள்வாள். வீரமுத்து ஹாலில். இன்னொரு ரூமில் மகன் மதிவாணன், பிரேமலா, அவர்கள் கைக்குழந்தை. அதே ரூமில் நடுவே ஒரு கெட்டிப் பெட்ஷீட்டைக் கயிற்றில் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் மகள் கஸ்தூரி. வயசுப் பெண்ணை ஆள் வந்து போகிற ஹாலில் எப்படிப் படுக்க வைப்பது?

மூன்றாவது ரூம் சாமி ரூம்.

போன தைப்பூசம் முடிந்த வாரம் பிரேமலா துணி மடித்துக்கொண்டே சொன்னாள். கோபமாய்க்கூடச் சொல்லவில்லை.

"அத்தை, தீபாவளி வரைக்கும் பாக்குறேன். லிஸ்ட்ல பேரு வரலன்னா நான் பிள்ளையைத் தூக்கிட்டு பெக்கான் நானாஸ் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அவர் வேணும்னா வாரத்துக்கு ஒரு தடவை வந்து பாத்துக்கட்டும். என்னால முடியல."

யோகேஸ்வரிக்கு மருமகள்மேல் கோபம் வரவில்லை. அவள் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் வலித்தது. பேரப்பிள்ளையின் குளிப்பாட்டின வாசனை இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே அவளுக்கு முடியவில்லை. அன்றைக்கு முடிவு செய்தாள், இந்தக் கணக்கை ஒரு குண்டூசி இடம் விடாமல் எடுப்பது என்று. அவள் வீட்டை மட்டும் விதிப்படி வேறொருத்தி வந்து எடுத்தாள். மற்ற வீடுகள் எல்லாம் இவள் எடுத்தது. படிக்கட்டு ஏறி ஏறி முட்டி வீங்கியது. தைலம் தடவிக்கொண்டு மறுநாளும் ஏறினாள்.

கணக்கு முடிந்தது. ப்ளாக்கில் பாதிக்கு மேல் நெரிசல் வீடுகள். இனி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து சில வீடுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.

வந்தவர் பெயர் தேவானந்தன். சிரம்பான்காரர், யாழ்ப்பாணத்து வம்சம், மெதுவாகப் பேசுவார். அவர் வரும் நாள் பார்த்து யோகேஸ்வரி ப்ளாக்கிலேயே இல்லை. அங்கம்மாவை ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு மாதாந்திரச் சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அங்கேதான் சனியன் புகுந்தது.

ப்ளாக் கமிட்டித் தலைவர் காளியப்பன் நல்ல மனிதர்தான். ஆனால் வாட்ஸாப்பில் ஒரு வரி அதிகமாகப் போட்டுவிட்டார். "நாளைக்கு ஆபீஸ்லருந்து ஆள் வர்றாங்க. எல்லாரும் வீட்டை நீட்டா வைங்க."

நம் ஜனங்களிடம் இதைச் சொல்லலாமா? வீட்டுக்கு வெளியாள் வருகிறார் என்றால் நம் பெண்களுக்குக் கைகால் நிற்குமா? பொழுது விடியுமுன்னே பாயெல்லாம் சுருண்டு மெத்தைக்குப் பின்னால் போய்விட்டது. மெத்தை கட்டிலுக்கு அடியில். கொடித்துணி பிளாஸ்டிக் பையில். பிள்ளைகள் கோயில் மண்டபத்துக்கு. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து அப்போதுதான் கண் அயர்ந்த ஆண்களை எழுப்பி, "கீழ போய்க் கோப்பி குடிச்சிட்டு வா" என்று துரத்திவிட்டார்கள். கீழே கோப்பிக் கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் கோழித் தூக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். ராசம்மா புது சோபா உறை போட்டு, சாம்பிராணி காட்டி, மேசையில் பிளாஸ்டிக் ரோஜா வைத்து, தேவானந்தனுக்கு மைலோ கலக்கிக் கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் தேவானந்தன் ஃபோன் செய்தார்.

"யோகேஸ்வரி அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மூணாவது மாடி வீட்டுக்கு ஒம்பது பேர்னு போட்டிருக்கீங்க. நான் போனப்ப ஒரு அம்மாவும் ஒரு பூ ஜாடியும்தான் இருந்தாங்க. பாத்த வீடெல்லாம் இப்படித்தான் இருக்கு. நீங்களும் அதே ப்ளாக்ல இருக்கிறவங்க. கணக்கைக் கூட்டிப் போட்டுட்டீங்கன்னு மேல யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

யோகேஸ்வரிக்கு ஆஸ்பத்திரிக் களைப்பெல்லாம் பறந்தது. "சார், நாளைக்கே உங்களுக்குக் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டு நேராக ராசம்மா வீட்டுக்குப் போய்க் கத்தினாள். ராசம்மா பதிலுக்குக் கத்தினாள். "அழுக்கு பாயையும் கிழிஞ்ச மெத்தையும் காட்டிட்டு நிக்கச் சொல்றியா? எங்களுக்கு மானம் இல்லையா?"

வீட்டுக்கு வந்தால், தன் வீடும் பளபளவென்று இருக்கிறது. ரூமில் கயிறு மட்டும் இருந்தது, பெட்ஷீட்டைக் காணோம். துவைத்து, மடித்து, அலமாரியில் வைத்திருந்தாள் பிரேமலா.

"நீயுமா?" என்று யோகேஸ்வரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "உனக்காகத்தானே இவ்வளவும்? அந்த சார் நம்ம வீட்டுக்குள்ள வந்திருந்தா என்ன நெனச்சிருப்பாரு? தாராளமா இருக்காங்கன்னுதானே?"

பிரேமலா தலையைக் குனிந்துகொண்டாள். "வெளி ஆம்பளை ஒருத்தர் வந்து, புருஷன் பொண்டாட்டி படுக்கிற இடத்துக்கு நடுவுல திரை தொங்குறதைப் பாக்குறதா, அத்தை? அந்த நேரத்துல எனக்கு வீடு தோணல. வெக்கம்தான் தோணுச்சு."

பொய்யை உடைக்க யோகேஸ்வரியிடம் பாத்ரூம் கேள்வி இருந்தது. வெட்கத்தை உடைக்க என்ன கேள்வி இருக்கிறது?

இருந்தாலும் விடுகிற ஆளா அவள்? மறுநாள் தேவானந்தனைக் கூப்பிட்டாள். இன்னொரு முறை வரவேண்டும், சொல்லாமல் கொள்ளாமல் வரவேண்டும், விடிகாலையில் வரவேண்டும். குடியிருப்பவர்கள் சம்மதித்தால் வரலாம் என்றார் அவர். யோகேஸ்வரி மறுபடி வீடு வீடாக ஏறினாள். சம்மதம் வாங்கத்தான். இரண்டு நாள் ஒருவரும் பிடிகொடுக்கவில்லை. காளியப்பன்கூட, "தங்கச்சி, விட்டுடு லா, அடுத்த தடவை பாப்போம்" என்று நழுவினார்.

மூன்றாம் நாள் படிக்கட்டில் நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "உங்க வீட்டுக்கு அவரு முதல்ல வர வேணாம். முதல்ல என் வீட்டுக்கு வரட்டும். நான் கதவைத் தொறந்து காட்டுறேன். அதைப் பாத்துட்டு நீங்க தொறக்கிறதா மூடுறதான்னு முடிவு பண்ணிக்கங்க."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து பிரேமலாவைப் பார்த்தாள். கேட்டதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருந்தது. பிரேமலா அலமாரியைத் திறந்து, பெட்ஷீட்டை எடுத்துக் கயிற்றில் போட்டாள்.

அந்த வாரத்திலேயே ஒரு விடிகாலை தேவானந்தன் வந்து கதவைத் தட்டினார். யோகேஸ்வரி தலைமுடியைக்கூட அள்ளி முடியாமல் திறந்தாள். அவர் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். வாசலை ஒட்டி வீரமுத்து பாயில் படுத்திருந்தார். அவசரமாக எழுந்து சரோங்கை இறுக்கிக்கொண்டார். முதல் ரூமில் அங்கம்மாவின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே யோகேஸ்வரியின் பாய் பாதி மடங்கிக் கிடந்தது. மூத்திர வாடை அடித்தது. அதையும் யோகேஸ்வரி மறைக்கவில்லை.

"இது?" என்று தேவானந்தன் அடுத்த கதவைக் காட்டினார்.

"சாமி ரூம், சார்."

உள்ளே சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முருகன், அம்மன், வீரமுத்துவின் குலசாமி முனீஸ்வரர், செத்துப்போன பிள்ளையின் படம். தேவானந்தன் வாசலோடு நின்று கைகூப்பினார்.

"இங்க யாரும் படுக்கிறதில்லையே?"

"சாமி ரூம்ல எப்படி சார் படுக்கிறது?"

"அப்ப படுக்கிற ரூம் ரெண்டு" என்று குறித்துக்கொண்டார்.

கடைசி ரூம். கஸ்தூரி முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிரேமலா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் பெட்ஷீட்டை விலக்கினாள். முகம் சிவந்திருந்தது, குரல் மட்டும் திடமாக இருந்தது.

"பாத்துக்குங்க, சார்."

தேவானந்தன் பார்த்தார், சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர்?"

"நைட் ஷிஃப்ட்."

யோகேஸ்வரி பெருமையாகக் குறுக்கே வந்தாள். "என் மகன் ரெண்டு வருஷமா நைட் ஷிஃப்ட்தான், சார். அலவன்ஸ் கூட வரும்னு அவனே விரும்பிப் போறான். உழைப்பாளி."

"அலவன்ஸுக்கு இல்ல, அத்தை" என்றாள் பிரேமலா. இந்த முறை குரல் உடைந்தது. "அவரே போய்க் கேட்டு வாங்கினது. தங்கச்சி திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும்போது அவரால இங்க படுக்க முடியல. கூச்சமா இருக்கு, நான் ராத்திரியில வீட்ல இல்லாம இருந்துடுறேன்னு சொன்னாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

கஸ்தூரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தேவானந்தன், "அவரையும் சேர்த்துதான் கணக்கு. ஆறு பேர், ரெண்டு ரூம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். யோகேஸ்வரி அவரோடு கிளம்பவில்லை. போகவேண்டிய அவசியமும் வரவில்லை. இவள் வீட்டுக் கதவு திறந்திருந்ததை மாடி முழுக்கப் பார்த்திருந்தது. ராசம்மா தானே வந்து, "சார், எங்க வீட்டுக்கு வாங்க, மைலோவெல்லாம் கிடையாது" என்று அவரைக் கூட்டிப்போனாள். பாயும் மெத்தையும் தூங்குகிற ஆண்களுமாக வரிசையாய்க் கதவுகள் திறந்தன. ப்ளாக்கின் கணக்கு உறுதியாகிவிட்டது.

யோகேஸ்வரி ஜெயித்துவிட்டாள். ஆனால் ப்ளாக் முழுக்க யார் யாருக்குப் பின்னால் குளிக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவளுக்கு, பெற்ற மகன் ஏன் ராத்திரியில் வீட்டில் இல்லை என்று கேட்கத் தோன்றவில்லையே! மதிவாணனின் கல்யாணத்தின்போதே வீரமுத்து ஒரு தடவை, "சாமியை ஹாலுக்கு மாத்திட்டா என்ன?" என்று கேட்டார்தான். "சாமியை நடுவீட்டுல நிறுத்தச் சொல்றீங்களா?" என்று இவள் பிடித்த பிடியில் அவர் வாயை மூடிக்கொண்டார். அவளுடைய பிடிவாதம் எல்லாரையும் எங்கெங்கோ கொண்டு சேர்த்தது. மகனை மட்டும் வீட்டை விட்டு வெளியே தள்ளிவிட்டது.

மாலையில் பிரேமலா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். யோகேஸ்வரி எதிரே உட்கார்ந்தாள்.

"கஸ்தூரியைச் சாமி ரூமுக்கு மாத்திட்டு, இந்த ரூமை உங்க ரெண்டு பேருக்கே விட்டுடலாம்னு பாக்குறேன். ஆனா வயசுப் பொண்ணு, மாசத்துல மூணு நாள் வரும், சாமி அங்க இருக்க முடியாது. ஹாலுக்குக் கொண்டு வந்துடணும். அப்புறம் ஒண்ணு. அதுவும் படுக்கிற ரூம் ஆயிடும். ஆறு பேரு, மூணு ரூம். நம்ம வீடு நெரிசல் இல்லன்னு ஆயிடும். உங்க புது வீடு போயிடும். நீயே சொல்லு. வீடு வேணுமா, ரூம் வேணுமா?"

"சொல்லாம மாத்திக்கிட்டா?" என்றார் ஹாலிலிருந்து வீரமுத்து.

"ப்ளாக் முழுக்க மறைக்காதீங்கன்னு கத்திட்டு, நான் மறைக்கவா? ஒரு வீட்டுக் கணக்கு பொய்யின்னு தெரிஞ்சா ராசம்மாக்கா வீட்டையும் சேத்துல்ல சந்தேகப்படுவாங்க?"

பிரேமலா குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

"வீடு வர ரெண்டு வருஷம் ஆகும், அத்தை. அதுவரைக்கும் அவரு எங்க படுப்பாரு?"

யோகேஸ்வரி எழுந்தாள். குளித்துவிட்டு வந்து விளக்கை அணைத்தாள். முனீஸ்வரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முதல் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். வீரமுத்து ஹாலில் டிவி இருந்த பலகையைக் காலி செய்து, துடைத்து, மஞ்சள் துணி விரித்தார். சாமிகள் ஒவ்வொன்றாக நடுவீட்டுக்கு வந்தன. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. சாயங்காலத் தூக்கம் முடிந்து வேலைக்குக் கிளம்ப எழுந்த மதிவாணன், நிலைப்படியில் நின்று என்ன நடக்கிறது என்று விளங்காமல் பார்த்தான்.

"சூப்பர்வைசருக்கு ஃபோனைப் போடு" என்றாள் யோகேஸ்வரி. "அடுத்த வாரத்துலருந்து பகல் ஷிஃப்ட் வேணும்னு சொல்லு."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்த உடனேயே யோகேஸ்வரி தேவானந்தனைக் கூப்பிட்டாள்.

"சார், எங்க வீட்டுக் கணக்கைத் திருத்தணும். படுக்கிற ரூம் மூணு."

"அக்கா, நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரியப் போறதில்ல. திருத்தினா உங்க வீடு மட்டும் பட்டியல்லருந்து போயிடும். நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சாச்சு, சார். மூணுன்னு போடுங்க. என் மகன் இனிமே வீட்லதான் படுப்பான்."